பேசினால் ஒரு கிளிப்பு

நான் கவலைப்படுகிற ஆள். கடலில் இருக்கும்போது வீட்டை நினைப்பேன், வீட்டில் இருக்கும்போது கடலில் விட்டு வந்த வலையை நினைப்பேன். படகின் இன்ஜின் ஒரு தரம் இருமினால் என் நெஞ்சு இரண்டு தரம் இருமும். கவலைப்பட ஒன்றும் இல்லை என்றால் அதற்கும் கவலைப்படுவீர்கள் என்று என் மனைவி சொல்வாள். மகள் விஷயத்திலும் நான் நிறையத்தான் கவலைப்பட்டேன். எல்லாம் தப்பான இடத்தில்.

மகள் அப்போது ஏழாவது. காரைக்காலில் பெண்கள் பள்ளி. காலையில் எங்கள் கடற்கரை ஊர் முனையில் பிள்ளைகளுக்கான பஸ் வரும். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறியதும் அடுத்து வரிச்சிக்குடியில் நின்று வயல்காட்டுப் பிள்ளை ஒருத்தியை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும். மழைக்காலம் முடிகிற நேரத்திலிருந்து மகள் வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். பஸ் வேண்டாம், வண்டியில் கொண்டுபோய் விடுங்கள் என்பாள். நான் காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு கண் தெரியவில்லையோ என்று நினைத்தேன். எவனாவது பின்னால் வருகிறானோ என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மனைவி மீன் விற்றுவிட்டு வரும் வழியில் கோவிலில் திருநீறு வாங்கி வந்து பூசினாள். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்து இன்ஜின் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாதாரணமாக, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான் ஸ்கூல்லேருந்து நின்னுக்குறேம்ப்பா. நீங்களும் ஆறாவதோட நின்னீங்கதானே. ஒண்ணும் கொறஞ்சி போயிடலையே."

நான் நின்றதில் பெரிய கதை கிடையாது. அப்பாவின் படகில் ஒரு ஆள் குறைந்தது, எனக்கும் பள்ளிக்கூடம் என்றால் பயம், இரண்டும் சேர்ந்துகொண்டது. அதை நான் என்றைக்கும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் என் மகள் அதை ஒரு கதவைப் போல எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள், வேண்டும் என்கிறபோது திறந்து வெளியே போய்விட. அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். இவள் நின்றுவிடக் கூடாது.

அடுத்த நாள் காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை. நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்றேன். பெற்ற பிள்ளையைத் திருடனைப் போல ஒளிந்து பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பஸ் வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் சத்தமும் சிரிப்புமாக ஏறினார்கள். கடைசியாக என் மகள் ஏறினாள். அவள் கால் படியில் பட்டதும் சத்தம் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பக்கத்து சீட்டிலும் இருந்த பெண்கள் மடியில் இருந்த பையை எடுத்துப் பக்கத்துக் காலி இடத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். என் மகள் அவர்களைப் பார்க்கக்கூட இல்லை. நேராக முன்னால் போய், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது தன் இடம் என்று தெரிந்தவள் மாதிரி.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் பின்னாலேயே போனேன். வரிச்சிக்குடியில் ஒல்லியாக ஒரு பெண் ஏறினாள். அவளும் முன்னால் வந்து அதே கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின் சீட்டுகளில் பைகள் சுகமாக உட்கார்ந்திருந்தன. இரண்டு பிள்ளைகளும் நின்றுகொண்டே காரைக்காலுக்குப் போனார்கள்.

அந்தப் பைகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் முன்பெல்லாம் இப்படி ஒன்று உண்டு. ஊர்ப் பேச்சை மீறினவன் வீட்டோடு யாரும் பேச மாட்டார்கள், நெருப்பு தர மாட்டார்கள், படகில் ஏற்ற மாட்டார்கள். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். அவன் அங்கே இல்லை என்கிற மாதிரி நடந்துகொள்வார்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். இப்போது அதெல்லாம் பேச்சில் மட்டும் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அவள் அம்மா மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள், நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் சொன்னாள்.

மழை நாளில், வரிச்சிக்குடியில் ஏறும் அந்த ஒல்லிப் பெண்ணை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உட்கார விடவில்லையாம். இது எங்கள் ஊர் பஸ் என்று சொல்லி அவள் பையைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்களாம். சாப்பாட்டு டப்பா திறந்து சோறு சேற்றில் கொட்டியது. அந்தப் பெண் அன்று பட்டினி. என் மகள் வகுப்பு டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்களை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறார். சொன்னது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அன்று மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டம் கூடியது. ஒரு பெண் கைக்குட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த் தலைவரைப் போல, நாட்டாராக உட்கார்ந்தாள். மற்றவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். என் மகளை நடுவில் நிறுத்தி, வெளியே சொன்னது நீதானா என்று மூன்று முறை கேட்டார்கள். எதிர்த்துப் பேச யாராவது உண்டா என்றும் கேட்டார்கள். யாரும் இல்லை. ஊர் விஷயத்தை வெளியே கொண்டுபோனவளோடு ஊர் சேராது என்று தீர்ப்பு. அவளோடு எவள் பேசினாலும் தெண்டம், தலையில் இருக்கும் கிளிப்பு ஒன்று. தெண்டக் கிளிப்பு நாட்டாரிடம் இருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது மலைப்பு. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூன்று முறை கேட்பது, எதிர்ப்பேச்சுக்கு இடம் விடுவது, தெண்டத்தைத் தலைவரிடம் ஒப்படைப்பது, இவ்வளவையும் இந்தப் பிள்ளைகள் எந்தச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டார்கள்? ஒரு முறைகூடத் தப்பவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்த எதையும் இவ்வளவு சுத்தமாக அவர்கள் படித்ததில்லை.

நாட்டாராக உட்கார்ந்தது யார் என்று அவள் அம்மா கேட்டாள். மகள் சொல்லத் தயங்கினாள். நான் படகில் கூட்டுச் சேர்ந்து போகிற மச்சானின் மகள்.

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கே பள்ளிக்குப் போய் பெரிய டீச்சரிடம் சொல்லுங்கள் என்றாள். எனக்குப் பள்ளிக்கூடப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மச்சானுக்குத் தெரியாமல் அவன் பிள்ளை மேல் வெளியில் போய்ப் பிராது சொன்னால், என் மகள் எதற்காக ஒதுக்கப்பட்டாளோ அதையேதான் நானும் செய்கிறேன். ஒரே படகில் போகிறவர்கள். அவன் கை கயிற்றை விட்டால் நான் தண்ணீரில்.

இரண்டு நாள் அவனோடு கடலுக்குப் போனேன், சொல்லவில்லை. கடலில் பிராது பேசக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. மூன்றாவது நாள் படகைக் கரையேற்றி, வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவன் முதலில் சிரித்துவிட்டான்.

"நம்ம பொட்டப்புள்ளைங்க பஞ்சாயத்து பண்ணுதுங்களா? என் மவ நாட்டாரா? வீட்டுல ஒரு டம்ளர் எடுத்து வைக்க மாட்டாளே மச்சான்."

நான் கிளிப்பு தெண்டத்தைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த நண்டு விரலைக் கவ்வியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"ஊட்டுல ஒரு டப்பா நெறைய கிளிப்பு கெடக்கு" என்றான். "ஏதுடி இவ்வளவுன்னு கேட்டேன். கூட்டாளிங்க குடுத்ததுன்னா. எல்லாருக்கும் என் புள்ளமேல எவ்வளவு பிரியம்னு நெனச்சேன்."

பாவம், அவன் அதைச் சொன்ன விதத்தைக் கேட்டு எனக்கே என்னவோ போல் இருந்தது. பிறகு அவன் ஒரு வழி சொன்னான். இரண்டு பிள்ளைகளையும் கோவில் வாசலுக்குக் கூட்டிவருவோம், உன் மகள் வெளியே சொன்னதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும், என் மகள் ஒதுக்கியதற்கு மன்னிப்புக் கேட்கட்டும், வெற்றிலை மாற்றியது மாதிரி முடித்துக்கொள்வோம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நிம்மதியோடு வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மகள் முடியாது என்றாள்.

"நான் கேட்டா, அந்தப் புள்ள சோறு கொட்டுனத சொன்னது தப்புன்னு ஆயிடும்ப்பா. நான் கேக்க மாட்டேன். வேணும்னா பஸ்ஸுல நின்னுட்டே போறேன்."

பன்னிரண்டு வயது. என் கை அளவு முகம். இத்தனை வாரமாக டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஒடுங்கிப்போய் நின்றது என்று நினைத்திருந்தேன். அதற்குள்ளே இப்படி ஒரு பிடிவாதம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. இது என்னிடமிருந்து வந்ததில்லை. அவள் அம்மாவைப் பார்த்தேன். அவளும் மகளைத்தான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக, பள்ளிக்குப் போவது என்று முடிவானது. அதிலும் ஒரு தப்புச் செய்தேன். எங்களில் எதிராளி இல்லாமல் பிராது சொல்வது மரியாதை கிடையாது. முகத்துக்கு முகம் சொல்ல வேண்டும். அதனால் மச்சானையும் கூட்டிக்கொண்டு, மகளையும் நடுவில் உட்கார வைத்து, ஒரே வண்டியில் மூன்று பேராகப் போனோம். பெரிய டீச்சர் அறைக்குள் நுழையும்போது தோளில் இருந்த துண்டு தானாக என் கைக்கு வந்துவிட்டது. மச்சானும் எடுத்துவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம், யார் முதலில் சொல்வது என்று கேட்பார்கள் என்று. டீச்சருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உட்காருங்க என்றார். நாங்கள் உட்காரவில்லை.

இவர் யார் என்று மச்சானைக் காட்டிக் கேட்டார். எந்தப் பிள்ளைமேல் பிராதோ அந்தப் பிள்ளையின் தகப்பன் என்றேன். டீச்சர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு என் மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு மச்சானின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள், அவன் முன்னால் அவன் மகளை எப்படிச் சொல்வாள்? அந்த அறைக்குள் வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. ஒங்ககிட்ட அப்பறம் தனித்தனியா பேசுறேன். மொதல்ல புள்ள சொல்லட்டும்."

வராந்தாவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மச்சானுக்கு மனத்தாங்கல்தான். பெரியவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு நண்டுசிண்டை விசாரிக்கிறார்களே என்று முணுமுணுத்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக் கதவு திறந்திருந்தது. சத்தம் கேட்கவில்லை. டீச்சர் தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மேசைக்கு இந்தப் பக்கம் மகளுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். மகள் முதலில் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு கை எழுந்தது. அப்புறம் இரண்டு கையும். பஸ்ஸின் சீட்டுகளைக் கையாலேயே காற்றில் போட்டுக் காட்டினாள். தோளில் கைக்குட்டை போடுவது மாதிரி காட்டினாள். வீட்டில் ஒரு மாதமாக மூடியிருந்த வாய் திறந்து, பேசிக்கொண்டே இருந்தது.

டீச்சர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. இதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூன்று பேர் எழுந்துவிடுவார்கள். இங்கே ஒரு படித்த மனுஷி, வெளியே மணி அடிக்கிறது, யாரோ வந்து வந்து எட்டிப் பார்க்கிறார்கள், போன் அதிர்கிறது, எதையும் திரும்பிப் பார்க்காமல், ஒரு மீன்காரி மகள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பிள்ளை பேசுவதை இப்படியும் கேட்க முடியுமா என்று இருந்தது எனக்கு. நான் அவளிடம் என்னடி, என்னடி என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு நானே பதிலும் சொல்லியிருக்கிறேன்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எப்போதிலிருந்து வித்தியாசம் தெரிந்தது, தூக்கம் எப்படி, என்ன சொன்னாள் என்று கேட்டார். நின்றுவிடுகிறேன் என்று சொன்னதைச் சொன்னேன். என் ஆறாவதையும் சொல்லிவிட்டேன், கேட்காமலேயே. அன்றைக்குப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேட்டது எங்கள் தப்பு என்றார். ஒரு பள்ளிக்கூடம் தன் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். இனி நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் எதுவும் கேட்க வேண்டாம், மகளை மன்னிப்புக் கேள் என்று வற்புறுத்த வேண்டாம், நாளையிலிருந்து பஸ்ஸில் ஒரு டீச்சர் வருவார், அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வாருங்கள், அதற்கு முன்னால் ஏதாவது நடந்தால் உடனே வாருங்கள் என்றார். பிறகு வாசல் சுவரைக் காட்டினார். அதில் குழந்தைகள் உதவி எண் பெரிதாக எழுதியிருந்தது. நாங்கள் சரியாகச் செய்யவில்லை என்று உங்களுக்குப் பட்டால் அதற்குப் பேசலாம், கல்வித்துறை அலுவலகத்துக்கும் போகலாம், அது எங்களைக் காட்டிக்கொடுப்பது ஆகாது என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. என் நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது அதுதான்.

மச்சானும் உள்ளே போனான். போகும்போது முகம் சண்டைக்குப் போகிறவன் முகம். வெகுநேரம் கழித்து வந்தான். நான் வண்டியை எடுத்தேன்.

"என் புள்ளைய அவங்க ஒரு வார்த்த திட்டல மச்சான்" என்றான். "அதான் தாங்க முடியல."

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பஸ்ஸில் டீச்சர் ஒருவர் வந்தார்; பைகள் மடிக்குத் திரும்பின. என் மகளும் ஒல்லிப் பெண்ணும் உட்கார்ந்து போனார்கள். ஆனால் பேச்சு வரவில்லை. அந்த வாரம் மறுபடி காற்று, படகுகள் போகவில்லை; நான் தினமும் தட்டிக்குப் பின்னால் நின்றேன். டீக்கடைக்காரர் எனக்குப் பழக்கத்தில் டீ போட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை போனோம். மச்சானையும் அவன் மகளையும்கூட டீச்சர் வரச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னாலேயே என் மகளிடம், மச்சான் மகள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், உனக்குச் சம்மதமா, இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம் என்று கேட்டாராம். சம்மதம் என்றாளாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதாக டீச்சர் எங்களிடம் சொன்னார். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்களாம்: நான் இல்லை டீச்சர், ஊர் சொல்லிச்சு. தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே போனால் கடைசிவரை அந்த ஊர் யாரிடமும் கிடைக்கவில்லை என்றார்.

மச்சான் மகள் அந்த டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். பிளாஸ்டிக் டப்பா, ஐஸ்கிரீம் வாங்கியது. என் மகளைப் பார்க்காமல் மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே நிறைய நிறையக் கிளிப்புகள். மஞ்சள், சிவப்பு, பட்டாம்பூச்சி வைத்தது, முத்து உதிர்ந்தது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் பிள்ளைக்குச் செய்த கொடுமையை ஒரு டப்பாவில் அள்ளிவைத்த மாதிரி இருந்தது. இத்தனையா என்று நினைத்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியம். இத்தனை கிளிப்பு சேர்ந்திருப்பது அவளுக்கும் அப்போதுதான் தெரியும். ஒரு பச்சைக் கிளிப்பை எடுத்தாள்.

"இது பக்கத்து வீட்டுப் புள்ளையோடது. எனக்கு வயித்துவலின்னப்ப தண்ணி குடுத்தா."

இன்னொன்றை எடுத்தாள். இது, கணக்கு நோட்டை மறந்துவிட்டாயே என்று காதில் சொன்னவளுடையது. அந்தப் பட்டாம்பூச்சி, மழையில் குடைக்குள் வா என்று கூப்பிட்டவளுடையது. அதே பெண்ணின் இன்னொரு கிளிப்பும் இருந்தது. அவள் மறுபடியும் பேசியிருக்கிறாள், மறுபடியும் தெண்டம் கட்டியிருக்கிறாள். மகள் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டே போனாள். சிலது யாருடையது என்று அவளுக்குத் தெரியும், சிலது தெரியவில்லை. தெரியாததைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தெண்டம் பேசினவளுக்கு. இந்த டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு கிளிப்பும், கட்டுப்பாட்டை மீறி என் மகளோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு, தலையைக் கலைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று ஏச்சு வாங்கிய ஒரு பிள்ளை. இவ்வளவு பேர் பேசியிருக்கிறார்கள். இவ்வளவு தரம். நான் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டி ஓட்டிக்கொண்டு போன நாளிலும் யாரோ ஒருத்தி ஒரு கிளிப்பைக் கழற்றிக் கொடுத்திருப்பாள். அந்த அறையில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டப்பாவின் அடியில் ஒரு கறுப்புக் கிளிப்பு கிடந்தது, சாதாரணக் கம்பிக் கிளிப்பு. மகள் அது யாருடையது என்று தெரியவில்லை என்றாள். மச்சான் மகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அது என்னோடது. பஸ்ஸு பிரேக்கு போட்டப்ப நீ விழப் பாத்தியே. புடிச்சிக்கன்னு சொல்லிட்டேன்ல."

தனக்குத் தானே தெண்டம் போட்டுக்கொண்ட நாட்டார். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பெண் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, என் மகளும் கேட்கவில்லை. இதையெல்லாம் என்ன செய்யலாம் என்று டீச்சர் என் மகளைக் கேட்டார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள். அந்தக் கறுப்புக் கிளிப்பை மட்டும் அங்கேயே கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை காற்று இல்லை. கடலுக்குப் போக வேண்டிய நாள்தான். மச்சானும் நானும் படகை இறக்காமல் டீக்கடையில் நின்றோம், தட்டிக்கு முன்னால். மகள் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். சத்தம் நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். நிற்கத்தான் செய்தது, ஒரு கணம். அப்புறம் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அது என்னுது, அது எனக்கு, இல்லடி இது என்னோடதுடி என்று ஒரே கூச்சல். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் ஜன்னலாகக் கைகள் தலைக்குப் போயிருந்தன.

எல்லாம் கொடுத்து முடிவதற்குள் அவர்கள் வரிச்சிக்குடி தாண்டியிருப்பார்கள். அந்த ஒல்லிப் பெண் உட்கார இடம் இருந்ததா என்று எனக்கு உடனே ஒரு கவலை வந்துவிட்டது. சாயங்காலம் கேட்டேன். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், நாளைக்குப் பரீட்சைப்பா என்றாள்.